ஏரிக்கரைக் கழிவுநீர்க் குட்டை: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

ஏரிக்கரையில் உள்ள சிற்றூரின் கழிவுநீர்க் குட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் கையில்தான் இருக்கும். அருகில் ஆய்வகம் இராது. அழைத்த அன்றே வந்து பார்க்கும் பொறியாளரும் இருக்கமாட்டார். காலையில் கரைமேல் நடக்கும்போது நாற்றம் அடித்தாலோ, நேற்றுவரை பச்சையாக இருந்த நீர் சாம்பல் நிறமாகக் கிடந்தாலோ, என்ன செய்வது என்று அவரே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர் கையில் இருக்க வேண்டும் என்று எண்ணி இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

ஊர்களில் பரவலாகக் காணப்படுவது ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழமுள்ள குட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டோ மூன்றோ அமைந்த வரிசை. முதல் குட்டையின் அடியில் கசடு படிந்து, ஆக்சிஜன் இல்லாத நிலையில் மெல்ல மெல்லச் செரிக்கிறது. மேல்நீரில் பாசி வளர்ந்து, வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள கழிவை உண்கின்றன. அவை வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி திரும்ப எடுத்துக்கொள்கிறது. குட்டையில் வரும் நோய்களில் பெரும்பாலானவை இந்தக் கொடுக்கல் வாங்கல் எங்கோ தடைபட்டதன் வெளிப்பாடு.

குட்டை மெதுவாக இயங்கும் ஒன்று என்பதை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். நீர் அதில் பல வாரங்கள், குளிர்ப் பகுதிகளில் பல மாதங்கள்கூடத் தங்குகிறது. ஆகவே இன்று கண்ணில் படும் அறிகுறிக்குக் காரணம் நேற்று நடந்ததாக இருக்க வேண்டியதில்லை. மூன்று வாரங்களுக்கு முன் வந்து கொட்டிய ஒரு கழிவுநீர் லாரியாகவும் இருக்கலாம். மருந்தும் அதே வேகத்தில்தான் வேலை செய்யும். ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு இரண்டு நாளில் பலனில்லை என்று அடுத்ததைச் செய்பவர், எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை அறியமாட்டார்.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை

கடைசிக் குட்டையிலிருந்து ஏரிக்குச் செல்லும் வால்வை மூடுங்கள். கரையின் மேல்மட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இடம் இருக்கும்வரை, காரணம் தெரியாத நீரை ஏரிக்குள் விட யாருக்கும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். ஆற்றில் விழுந்த பிழை அடுத்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படலாம். ஏரியில் விழுந்தது அங்கேயே தங்கும், அதிலும் பாஸ்பரஸ் அடிச்சேற்றில் படிந்து பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப மேலெழும். கரை நிரம்பும் நிலையில் இருந்தால் மட்டும் இந்த விதிக்கு விலக்கு; கரை உடைவது எல்லாவற்றிலும் பெரிய கேடு.

அடுத்து, பதிவேட்டில் கடந்த நான்கு வாரங்களைப் புரட்டிப் பாருங்கள். மழை, வெயிலின்மை, நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓடிய மணி, ஏரியின் நீர்மட்டம், விடுமுறைக் கூட்டம், புதிதாகத் திறந்த உணவகம், வந்துபோன லாரிகள் ஆகிய இவற்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். பதிவேடு இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். இந்த முறை உதவாவிட்டாலும் அடுத்த முறை அதுவே முதல் சாட்சி.

மூன்றாவதாக, கரைந்த ஆக்சிஜனையும் பி.எச். அளவையும் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) ஒரே நாளில் இருமுறை அளக்க வேண்டும்: விடியும் நேரத்தில் ஒருமுறை, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. நல்ல குட்டையில் பிற்பகலில் ஆக்சிஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும், சில நாட்களில் 20ஐத் தாண்டியும் போகும், பி.எச். 9ஐ எட்டும். விடியலில் இரண்டுமே இறங்கிவிடும். பிற்பகல் அளவை மட்டும் வைத்துக் குட்டை நலமாக இருக்கிறது என்று எழுதுவது ஏமாற்றம் தரும். இரவு முழுவதும் எல்லா உயிர்களும் மூச்சுவிட்ட பிறகும் மேற்பரப்பருகே ஓரளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்பதே குட்டையின் உண்மையான இருப்பு. நுழைவாய்க்கு அருகில், நடுவில், வெளியேறும் முனையில் எனக் குறைந்தது மூன்று இடங்களில் அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

ஆபத்துகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனியாகப் படகில் ஏறக்கூடாது; மிதவை அங்கி இல்லாமல் உட்சரிவில் இறங்கக்கூடாது; பிளாஸ்டிக் விரிப்பு போட்ட சரிவு நனைந்தால் கால் நிற்காது, ஏறிவரக் கயிறு தொங்க வேண்டும். ஆள்நுழைக் குழிக்குள் எதற்காகவும் தலையை நீட்டக்கூடாது. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். அளவை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை, நெருங்கும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று நம்பி இறங்கியவர்கள் திரும்பவில்லை.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம்

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியுங்கள். நீரேற்று நிலையத்திலோ நுழைவுக் குழியிலோ மட்டும் அடித்தால், கழிவுநீர் குழாயிலேயே நெடுநேரம் தங்கி அழுகியிருக்கிறது. கோளாறு குட்டையில் இல்லை. கரையோரம் ஒரு மூலையில் மட்டும் அடித்தால், காற்று ஒதுக்கிய பாசி அங்கே அழுகுகிறது. வாரி எடுத்தால் தீர்ந்துவிடும். குட்டை முழுவதும் அடித்தால்தான் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று பொருள்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நீரில் உள்ள சல்பைடு, பி.எச். 7இல் ஏறத்தாழ பாதியளவு வாயுவாக வெளியேறக்கூடிய வடிவில் இருக்கும், பி.எச். 8இல் அது பத்தில் ஒரு பங்காகவும், 9இல் நூற்றில் ஒரு பங்காகவும் சுருங்கும். விடியலில் நாற்றமும் பிற்பகலில் நாற்றமின்மையும் கொண்ட குட்டையில் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது, சுமையோடு போராடிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். பகல் முழுவதும் நாறினால் பாசி தோற்றுவிட்டது.

சுமை கூடியிருக்கிறதா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு உண்டாக்கும் கழிவின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது ஆய்வகத்தார் பி.ஓ.டி. என்று சொல்வது, ஏறக்குறைய 50 கிராம். 600 பேர் வாழும் ஊரில் அது 30 கிலோ. முதல் குட்டையின் பரப்பு 0.6 ஹெக்டேர் என்றால் ஹெக்டேருக்கு 50 கிலோ சுமை. விடுமுறைக் காலத்தில் ஏரிக்கரை விடுதிகள் நிரம்பி 1,500 பேர் ஆகும்போது அதுவே 125 கிலோவாக உயரும். பரவலாகக் கையாளப்படும் வடிவமைப்புக் கணக்கின்படி, காற்றின் சராசரி வெப்பம் 20 டிகிரி இருக்கையில் குட்டை ஹெக்டேருக்குச் சுமார் 250 கிலோவரை தாங்கும். 10 டிகிரியில் 100 கிலோவே எல்லை. ஆக, கோடையில் சிரமமின்றிச் செரித்த அதே கூட்டம், குளிர்காலத் திருவிழா ஒன்றுக்கு வந்தால் குட்டையை நாறடித்துவிடும். எத்தனை பேர் என்பதோடு எந்த வெப்பத்தில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சுமைதான் காரணம் என்று உறுதியானால், வரிசையாக ஓடும் குட்டைகளைச் சில வாரங்களுக்கு இணையாக ஓடவிடுங்கள். ஒரே குட்டையின் தலையில் விழுந்த சுமை இரண்டாகப் பிரியும். கடைசிக் குட்டையின் பச்சை நீரைச் சிறு பம்ப் வைத்து முதல் குட்டையின் நுழைவாய்க்குத் திருப்பி அனுப்புவது அதைவிட நல்லது. உயிருள்ள பாசியும் ஆக்சிஜனும் சேர்ந்தே போய்ச் சேர்கின்றன. வரும் கழிவுநீரில் ஆறில் ஒரு பங்கு அளவில் தொடங்கி, விடியல் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக் கூட்டலாம்.

சோடியம் நைட்ரேட்டைத் தூவினால் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சல்பைடு உண்டாவதை நிறுத்திவிடும். இது உண்மையே, நாற்றமும் விரைவில் குறையும். ஆனால் ஏரிக்கரையில் இதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன், வெளியேற்று வால்வு மூடியிருக்கும்போது மட்டும்.

மேகமூட்டம் நீடித்த வாரங்களுக்குப் பிறகு வரும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. வெயில் திரும்பினால் போதும். பனி உறையும் நாடுகளில் வசந்தத்தில் பனி உருகி, மேல்நீர் 4 டிகிரியை எட்டி அடர்த்தி கூடிக் கீழிறங்கும்போது அடிநீர் மேலே வந்து, ஓரிரு வாரங்கள் கடுமையாக நாறும். இது ஆண்டுதோறும் வருவது. ஊராருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதே அதற்குரிய வேலை. பொறுமையற்று அடிக்கசடைக் கலக்கிவிடுவது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

அறிகுறி: நீரின் நிறம் மாறுகிறது

நிறம் நல்ல குறிகாட்டி, ஆனால் அளவுக்கருவியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஒளிரும் கரும்பச்சை நலத்தின் நிறம். அது மங்கி மஞ்சள் பச்சையாகும்போது நல்ல பச்சைப் பாசி பின்வாங்கி நீலப்பச்சைப் பாசி இடம்பிடிக்கிறது, ஆக்சிஜனும் பி.எச். அளவும் இறங்கத் தொடங்கியிருக்கும். சாம்பல் நிறமும் கறுப்பும் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதன் நிறங்கள். மேலே நாற்றத்துக்குச் சொன்னவை அனைத்தும் இங்கும் பொருந்தும். பழுப்பு நிறம் இருவகைப்படும். ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள்: மண் அடியில் படிந்தால் கரை அரிக்கப்படுகிறது அல்லது உடைந்த குழாய் வழியே மண் வருகிறது, படியாமல் நின்றால் அது பழுப்புப் பாசி, கவலை வேண்டாம்.

இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். இது ஒளியில் வாழ்ந்து சல்பைடை உண்ணும் கந்தக பாக்டீரியாக்களின் நிறம். குட்டைக்குச் சுமை மிகுந்துவிட்டது என்பதை இவை காட்டுகின்றன. அதே வேளையில், வாயுவாகி ஊருக்குள் வரவேண்டிய சல்பைடைத் தாமே எடுத்துக்கொண்டு நாற்றத்தைக் குறைக்கவும் செய்கின்றன. இவற்றைக் கொல்ல மருந்து தேடுபவர், தமக்கு உதவுபவரைக் கொல்கிறார். சுமையைக் குறையுங்கள், நிறம் தானே போய்விடும்.

கண்ணாடிபோல் தெளிந்த நீர்தான் மிகவும் ஏமாற்றக்கூடியது. நான் பார்த்துவந்த ஒரு குட்டையில் கோடைத் தொடக்கத்தில் நான்கே நாட்களில் நீர் தெளிந்து அடிவரை தெரிந்தது. ஊரார் வந்து பாராட்டினார்கள், எங்களுக்கும் மகிழ்ச்சிதான். அடுத்த வாரம் விடியல் ஆக்சிஜன் பூஜ்யமாகி நாற்றம் தொடங்கியது. நீரைக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது: துள்ளித் துள்ளி நீந்தும் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளுகள் பெருகிப் பாசியை முழுவதும் மேய்ந்துவிட்டிருந்தன. ஆக்சிஜன் குறைந்த நீரில் இவற்றின் உடலில் ஹீமோகுளோபின் கூடுவதால் ஓரங்களில் செந்நிறத் திட்டுகளாகவும் தெரியும். உணவு தீர்ந்தால் இவை தாமே மடியும், பாசி மீளும். அதுவரை கடைசிக் குட்டையின் பச்சை நீரை முன்னுக்குச் சுழற்றுவது துணைசெய்யும். பூச்சிமருந்து போடவே கூடாது.

எந்த நிறக்கோளாறுக்கும் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தாமிரம் பாசியைக் கொல்லும், அதாவது குட்டைக்கு ஆக்சிஜன் தரும் ஒரே மூலத்தைக் கொல்லும். நீலப்பச்சைப் பாசியின் செல்கள் உடையும்போது உள்ளிருக்கும் நச்சு நீரில் கலக்கும். மிச்சத் தாமிரம் ஏரி மீனுக்குத் தீங்கு. மறுத்துவிடுங்கள்.

அறிகுறி: மேற்பரப்பைப் பச்சைப் போர்வை மூடுகிறது

சிறு இலைகளாய் மிதந்து ஒன்றோடொன்று ஒட்டும் டக்வீட் செடியும், ஆகாயத்தாமரையும் ஒளியை மறைத்து, காற்று நீரில் படாமல் தடுத்துவிடுகின்றன. போர்வை பாதிப் பரப்பைத் தாண்டும்முன் வேலையைத் தொடங்க வேண்டும். காற்று எந்தக் கரையில் ஒதுக்குகிறதோ அந்தக் கரையில் நின்று, மிதவைக் கயிற்றால் வளைத்து இழுத்து வாருங்கள். வாரியதைக் கரைமேலேயே குவிக்கக்கூடாது. வடியும் சாறு மீண்டும் குட்டைக்கே வரும். தள்ளி எடுத்துப்போய் மட்கச் செய்யுங்கள். அந்தச் செடி தன் உடலில் பாஸ்பரஸைச் சேர்த்து வைத்திருக்கிறது, ஆகையால் வாரி வெளியேற்றும் ஒவ்வொரு கூடையும் ஏரிக்குப் போகாமல் தடுத்த உரம். களைக்கொல்லி தெளித்தால் அந்தப் பலன் போய்விடும். செத்த செடி அடியில் அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

நீலப்பச்சைப் பாசி திரண்டு மிதக்கும் தோல்போன்ற படலத்தை நீரைப் பீய்ச்சி உடைத்தால் பெரும்பாலும் அமிழ்ந்துவிடும்; காலையில் செய்வது நல்லது, காய்ந்து இறுகிய பின் உடையாது. கையுறையும் முகக்கவசமும் வேண்டும்.

ஓரத்தில் சம்பும் கோரையும் முளைத்தால் அங்கே நீர் ஆழம் குறைவு என்று அறியுங்கள். இளஞ்செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, நீர்மட்டத்தை ஒரு மீட்டருக்குக் குறையாமல் வைத்திருந்தால் மீண்டும் வராது. கொசு பெருகுவதும் இந்த ஓரச் செடிகளுக்கு இடையில்தான். கொசுப்புழு தின்னும் மீனை விடுவது பல இடங்களில் வழக்கம். ஏரிக்கரையில் அதைத் தவிர்க்கச் சொல்வேன், குட்டையில் விட்ட அயல் மீன் ஒருநாள் ஏரிக்குப் போயே தீரும்.

அறிகுறி: நீர்மட்டம் காரணமின்றி ஏறுகிறது

ஏரிக்கரை ஊர்களுக்கே உரிய நோய் இது. குழாய்கள் ஏரியின் நீர்மட்டத்துக்குக் கீழே நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. இணைப்பு விட்ட இடமெல்லாம் நல்ல நீர் உள்ளே புகுந்து, கழிவுநீரோடு சேர்ந்து குட்டைக்கு வருகிறது. மேலே எடுத்துக்காட்டாகக் கண்ட 0.6 ஹெக்டேர் குட்டை 1.5 மீட்டர் ஆழத்தில் 9,000 கன மீட்டர் கொள்ளும். நாளுக்கு 100 கன மீட்டர் வந்தால் நீர் 90 நாள் தங்கும். நிலத்தடி நீர் புகுந்து 300 ஆனால் 30 நாள்தான். சுமை கூடாமலே சுத்திகரிப்பு கெடும், கரையும் நிரம்பும், வால்வைத் திறக்கும் கட்டாயமும் வரும்.

கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். நள்ளிரவு இரண்டு மணி முதல் நான்கு மணிவரை ஊர் உறங்குகிறது. அந்நேரத்தில் பம்ப் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். அப்போது வரும் நீரில் பெரும்பகுதி நிலத்தடி நீரே. அந்த நிமிடக் கணக்கையும் ஏரியின் நீர்மட்டத்தையும் ஒரே தாளில் மாதக்கணக்கில் குறித்துவந்தால், ஏரி ஏறும்போது இதுவும் ஏறுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். மழை பெய்து சில மணி நேரத்திலேயே பம்ப் ஓட்டம் துள்ளி எழுந்தால், கூரை நீர்க்குழாயோ முற்றத்து வடிகாலோ சாக்கடையில் இணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது தாழ்ந்த ஆள்நுழைக் குழியின் மூடி வழியே நீர் இறங்குகிறது. மழைக்குப் பின் மெல்ல ஏறிப் பல நாட்கள் நீடித்தால், உடைந்த குழாயும் விட்ட இணைப்பும் காரணம்.

பிறகு இரவிலேயே மேல்முனையிலிருந்து ஒவ்வொரு குழியாகத் திறந்து, மேலிருந்தபடியே விளக்கடித்துப் பார்த்துவர வேண்டும். தெளிந்த நீர் முதலில் தென்படும் குழிக்கும் அதற்கு மேலே உள்ள குழிக்கும் இடையேதான் ஓட்டை. பல ஊர்களில் பொதுக்குழாயைப் பழுதுபார்த்தும் பயன் குறைவாகவே இருக்கக் காரணம், கரையோர வீடுகளின் இணைப்புக் குழாய்கள் விடுபட்டுப்போனதுதான். அவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: நீர்மட்டம் இறங்குகிறது, அல்லது கரை ஈரமாகிறது

வெயிலில் ஆவியாவதா, கசிவா என்று அறிய, ஒரு பீப்பாயைக் குட்டைக்குள்ளேயே ஓரத்தில் நிறுத்தி, வெளிநீர் மட்டத்துக்குச் சமமாக உள்ளே நீர் நிரப்புங்கள். அந்தக் குட்டைக்கு வரவும் போக்கும் அடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். இரண்டு மட்டங்களும் சேர்ந்தே இறங்கினால் ஆவியாதல். குட்டை மட்டம் பீப்பாயைவிடக் கீழே போனால் அந்த வேறுபாடுதான் கசிவு. கசிந்த நீர் எங்கும் தொலைந்துபோகவில்லை. நிலத்தடி நீர் ஏரியை நோக்கிச் சாயும் இடத்தில் அது ஏரிக்கே போய்க்கொண்டிருக்கும், வழியில் கிணறு இருந்தால் அதற்கும். கிணற்று நீரை நைட்ரேட்டுக்கும் மலவழிப் பாக்டீரியாவுக்கும் உடனே சோதிக்கச் சொல்லுங்கள்.

கரையின் வெளிச்சரிவில் ஈரத்தைக் கண்டால், வடியும் நீரைக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த நீர் என்றால் நாள்தோறும் அளந்து கண்காணிக்கலாம். கலங்கிய நீர் என்றால் கரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டு போகிறது. அன்றே மட்டத்தை அடுத்த குட்டைக்கு இறக்கி, பொறியாளரை வரவழையுங்கள். எலி, நண்டு போன்றவை தோண்டிய வளைகளும், கரைமேல் வளரவிட்ட மரத்தின் வேர்களுமே இதற்கு வழிதிறந்தவையாக இருக்கும். கரையில் புல் மட்டும் இருக்கட்டும், அதையும் வெட்டியே வையுங்கள். வளர்ந்த புல்லுக்குள் வளை தெரியாது.

அறிகுறி: ஆய்வக முடிவில் எண்கள் தாண்டுகின்றன

பி.ஓ.டி. அளவைத் தனியாகப் பார்க்காமல் மிதக்கும் திடத்துகள் அளவோடு சேர்த்துப் படியுங்கள். அதே மாதிரியை வடிகட்டியும் ஒருமுறை பி.ஓ.டி. சோதனை செய்யச் சொல்லுங்கள். சிறு செலவில் பெரிய விடை கிடைக்கும். வடிகட்டியதும் எண் நன்றாக இறங்கினால், வெளியேறுவது பாசி அல்லது கசடு. இறங்காவிட்டால் கரைந்த கழிவே செரிக்காமல் போகிறது. அதற்குக் காரணம் சுமை, குளிர், அல்லது குறுக்கு வழி.

பாசிதான் என்றால் வெளியேறும் நீரை எந்த ஆழத்தில் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பாசி ஒளியைத் தேடி மேலடுக்கில் திரளும். மேற்பரப்பிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் கீழே எடுக்கும் வெளிவாய் அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். கறுப்புத் துகளாக வந்தால் கசடு வெளிவாய்வரை வந்துவிட்டது. நீண்ட கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி மெல்ல எடுத்தால், கசடு படிந்த உயரம் துணியில் கறுப்பாகத் தெரியும். இருபது முப்பது இடங்களில் அளந்து ஒரு வரைபடமாகக் குறியுங்கள். வெப்பப் பகுதிகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 0.04 கன மீட்டர் கசடு என்று கணக்கிடுவார்கள். 600 பேருக்கு 24 கன மீட்டர். குட்டை முழுவதும் பரவினால் அது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர்தான். ஆனால் கசடு அப்படிப் பரவுவதில்லை. நுழைவாயைச் சுற்றி 500 சதுர மீட்டரில் குவிந்தால் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர், இருபது ஆண்டில் ஒரு மீட்டர். நுழைவாய் அடைபட்டு, நீர் மேட்டைச் சுற்றி ஒரே வாய்க்காலாக ஓடி, தொண்ணூறு நாள் தங்க வேண்டியது சில நாட்களில் வெளிவாயை அடைந்துவிடும்.

அதுதான் மேலே சொன்ன குறுக்கு வழி. காற்றின் திசையும், நுழைவாயும் வெளிவாயும் நேரெதிரே இருப்பதும்கூட அதை உண்டாக்கும். ஒரே நேரத்தில் பல இடங்களில் அளந்த ஆக்சிஜன் ஒன்றுக்கொன்று இருமடங்குக்கு மேல் வேறுபட்டால் சந்தேகிக்கலாம். தீங்கற்ற சாயம் கலந்து அது எத்தனை நாளில் வெளிவாய்க்கு வருகிறது என்று பார்த்தால் உறுதியாகும். மிதவையில் தொங்கவிட்ட தடுப்புத் திரை ஒன்று நீரை வளைந்து போகச் செய்துவிடும். மலவழிப் பாக்டீரியா எண்ணிக்கை திடீரென்று உயர்ந்தாலும் முதலில் இதையே தேடுங்கள். அடுத்து, கடைசிக் குட்டையில் கூட்டமாக இறங்கும் பறவைகளை.

அம்மோனியா குளிரில் கூடுவது இயல்பு. அதை மாற்றும் பாக்டீரியாக்கள் குளிரில் சோம்பிவிடுகின்றன. அதன் நஞ்சு பி.எச். அளவைப் பொறுத்தது. 25 டிகிரியில், பி.எச். 7இல் அம்மோனியாவின் நச்சு வடிவம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, 9.2ஐத் தாண்டும்போது ஏறத்தாழ பாதி. பாசி செழித்த வெயில் நாளின் பிற்பகலில் வால்வைத் திறப்பது மீன்களுக்கு மிகக் கொடிய நேரத்தைத் தேர்ந்தெடுப்பதாகும்.

அறிகுறி: பாசி திடீரென்று செத்துவிடுகிறது

சுமையும் வெயிலும் மாறாமலிருக்க ஒரே வாரத்தில் பச்சை போய்விட்டால், நச்சு வந்திருக்கிறது. படகுகளின் கழிவறைத் தொட்டி, நடமாடும் கழிவறை ஆகியவற்றில் ஊற்றும் நாற்றநீக்கிகளில் பார்மால்டிஹைடு இருப்பது உண்டு. அது எல்லா உயிரையும் ஒன்றுபோல் கொல்லும். படகுத்துறையிலிருந்து வரும் இணைப்பையும், லாரிகள் கொட்டும் இடத்தையும் பூட்டுங்கள். லாரி எங்கிருந்து எதை எடுத்துவந்தது என்று எழுதிக் கையெழுத்திடாமல் எதையும் ஏற்கக்கூடாது. குட்டையை மீட்க, நலமாக உள்ள அடுத்த குட்டையின் நீரை, பாலுக்கு உறைமோர் ஊற்றினாற்போல விடுங்கள்.

காற்றூட்டும் குட்டைகளில்

இவை இயந்திரத்தால் நீருக்குள் காற்றைச் செலுத்தும் குட்டைகள்; கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் காப்பதே இங்கு வேலை. ஓரிடத்தில் மட்டும் பெருங்குமிழ்கள் கொதிப்பதுபோல் எழுந்தால் அடியில் குழாய் கழன்றிருக்கிறது அல்லது காற்றுத்துளைச் சவ்வு கிழிந்திருக்கிறது. குமிழ் எங்கும் குறைந்து, ஊதுபொறியின் அழுத்தமானி உயர்ந்தால் துளைகள் அடைபட்டிருக்கின்றன. அழுத்தமும் குறைந்தால் காற்று வழியில் கசிகிறது, அல்லது காற்று வடிகட்டி தூசியால் அடைத்துவிட்டது. மேற்பரப்புக் காற்றூட்டி அதிர்ந்தால் பெரும்பாலும் ஈரத் துடைப்புத் தாள்கள் சுற்றியிருக்கும்; மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகே அருகில் செல்லுங்கள்.

அறிகுறி: ஏரியில், வெளிவாய்க்கு அருகே பாசி படர்கிறது

இதைக் கண்டதும் குட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள், விடுவிக்கவும் வேண்டாம். வெளிவாய்க்கு அருகிலும், அதிலிருந்து விலகிய வேறொரு விரிகுடாவிலும், ஒரே நாளில் பாஸ்பரஸுக்கு நீர் எடுங்கள். இரண்டிடத்திலும் ஒன்றுபோல் இருந்தால் தோட்ட உரமும், கரையோர வீடுகளின் பழைய செப்டிக் டேங்குகளும் பங்குதாரர்கள். வெளிவாயில் மட்டும் கூடுதல் என்றால் கடைசிக் குட்டையைப் பாருங்கள். பி.எச். உயர்ந்திருக்கும்போது பாஸ்பரஸ் சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் படியும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் கசடு அதைத் திரும்ப விடும். பழைய கசடு நிறைந்த குட்டை வாங்குவதைவிட அதிகம் வெளிவிடுவதும் உண்டு; அப்போது கசடை அள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதுவரை, கடைசிக் குட்டையைத் தனித்து மூடி, படிகாரக் கரைசலைப் படகிலிருந்து தெளித்து, பாஸ்பரஸ் படியச் சில நாட்கள் விட்டு, பிறகு வெளியேற்றலாம். அளவை ஊகத்தில் போடக்கூடாது. குட்டை நீரையே ஜாடிகளில் எடுத்து, வெவ்வேறு அளவுகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பி.எச். 6க்குக் கீழே இறங்கினால் அலுமினியமே மீனுக்கு நஞ்சாகும். ஏரியில் ஏற்கெனவே நீலப்பச்சைப் பாசி திரண்டிருந்தால் குளிப்பவர்களுக்கும், கால்நடை வைத்திருப்பவர்களுக்கும், ஏரி நீரைக் குடிநீராக எடுப்பவர்களுக்கும் அன்றே தெரிவியுங்கள். அதன் நச்சு கொதிக்க வைத்தால் போகாது.

வால்வை மீண்டும் திறக்கும்போது

கடைசிக் குட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தனித்திருந்த பின், அதன் நீரைச் சோதித்து, உரிமத்தில் குறித்த எண்களுக்குள் எல்லாம் அடங்கினால் திறக்கலாம். ஏரியில் ஆக்சிஜன் நிறைந்து, மக்கள் குளிக்காத பருவமாக இருப்பது நல்லது. வசந்தமும் இலையுதிர் காலமும் பலருக்கும் பொருந்துகின்றன. காற்றில்லாத நாளில், காலையில், மெல்லத் திறந்து, மணிக்கொருமுறை வெளிநீரைக் குவளையில் பிடித்துப் பாருங்கள். கலங்கத் தொடங்கினால் மூடிவிட்டு மறுநாள் தொடருங்கள். அடியில் அரை மீட்டர் நீர் இருக்கும்போது நிறுத்திவிட்டு, திறந்த நேரம், மூடிய நேரம், ஏரியின் அன்றைய மட்டம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள்.